உள்ளே நின்ற கேமரா

கேமரா வெளியே வரவில்லை. இரண்டு நாளில் தானாக வந்துவிடும், மலத்தோடு போய்விடும், போனதே தெரியாது என்றார்கள். இரண்டு வாரம் ஆகிறது. எக்ஸ்ரே எடுத்தார்கள். அடிவயிற்றில் வலப்பக்கமாக, பேரீச்சங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒன்று கிடந்தது. சில நாள் விட்டு மறுபடி எடுத்தார்கள். அதே இடம். நாளை மறுநாள் காலையில் வயிற்றை அறுத்து எடுக்கப் போகிறார்கள். கேமராவை மட்டும் அல்ல, அது நிற்கிற இடத்துக் குடலையும் ஒரு சாண் சேர்த்து. அங்கே ஏதோ வளர்ந்திருக்கிறதாம், வழியை அடைத்திருக்கிறதாம், அதனால்தான் இது தாண்டவில்லையாம். வளர்ந்திருக்கிறது. அந்தச் சொல்லைத் தாண்டி ஒருத்தரும் பேச மாட்டேன் என்கிறார்கள். பிள்ளை வளர்கிறது, பயிர் வளர்கிறது, வயிற்றுக்குள் இது வளர்கிறது. கேன்சரா என்று நேராகவே கேட்டேன். "எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் தெரியும் வையாபுரி சார்" என்றார் பத்ரி டாக்டர். தெரியாததற்கு எதற்கு அந்த முகம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவன் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. அந்த மரமரப்பு இன்னும் போகவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்றேன். போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் இந்த வகுப்பில் வந்து உட்காரச் சொன்னார். வயிற்றுக்குள் போன கேமரா எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்வது ஒரு தனி வேலையாம், அதற்கு ஆள் பழக்குகிறாராம், பல ஊரிலிருந்து சின்ன டாக்டர்களும் நர்சுகளும் வந்திருக்கிறார்களாம், இன்றைக்குப் பழகுகிற படம் என்னுடையதாம். "நீங்கதான் ஆளுன்னு முதல்ல சொல்ல மாட்டேன். பின்னால உட்காருங்க. அவங்க பார்த்து முடிச்சதும் சொல்லுவேன். படத்துக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கான்னு தெரியணும் இதுங்களுக்கு." சரி என்றேன். வார்டில் கட்டிலில் கிடப்பதற்கு இது தேவலை. ஏசி இருக்கிறது. அதோடு என் வயிற்றை எல்லோரும் பார்த்தாயிற்று, நான் பார்க்கவில்லை.

பார்க்கிறேன். முன்னால் சுவரில் பெரிய திரை, ஒவ்வொருத்தர் மேசையிலும் சின்னத் திரை, எல்லாவற்றிலும் நான். முதலில் என் பல் வருகிறது, கறை பிடித்த கீழ்ப்பல், அப்புறம் நாக்கு, அப்புறம் ஒரே இழுப்பில் தொண்டை. திருச்சி என்கிற பையன் "ஐயா பல்லு விளக்கி ரொம்ப நாளாச்சு போல" என்கிறான். சிரிக்கிறார்கள். திருச்சி அவன் பேர் இல்லை. பத்ரி டாக்டர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். திருச்சி, சேலம், விழுப்புரம், தென்காசி. பஸ் ஸ்டாண்டில் நேரக்காப்பாளர் மைக்கில் கத்துகிற மாதிரி இருக்கிறது. திருச்சி படு வேகம். சேலம் வாய் திறக்காத நர்சு, கண்ணாடி போட்டவள். விழுப்புரம் தூங்குகிறான். தென்காசி எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண், இளசு, டாக்டராம், எண்ணெய் வைத்துப் பின்னின சடை, காலைச் செருப்பிலிருந்து உருவி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் திரையில் நான் இன்னும் தொண்டையிலேயே இருக்கிறேன். மற்றவர்களுக்கு இரைப்பை வந்துவிட்டது. இரைப்பை என்றால் பெரிதாக ஏதோ நினைத்திருந்தேன். ஈரமான சுருக்குப் பை. நுரை. நுரைக்குள் ஏதோ மிதக்கிறது. "அது என்ன?" என்கிறார் பத்ரி டாக்டர். "எள்ளு சார்" என்கிறான் திருச்சி. "எள்ளுருண்டை தின்னுட்டு வந்திருக்கார்." எள்ளுருண்டை இல்லை, இட்லிப்பொடி. முந்தின நாள் மத்தியானம் தின்றது. அதன் பிறகு தண்ணீரும் அந்தப் பேதி மருந்தும்தான். சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் இங்கே யாருமில்லை.

விழுங்கின அன்றைக்கு ஒன்றும் கஷ்டமில்லை. பெரிய மாத்திரை மாதிரிதான், ஆனால் ஒரு முனையில் விளக்கு மினுக்கு மினுக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது, வாய்க்குள் போட்டால் கன்னத்தில் வெளிச்சம் தெரியும் என்று நர்சு சொன்னாள். தண்ணீரோடு போய்விட்டது. இடுப்பில் பெல்ட் கட்டி ஒரு பெட்டியைத் தொங்கவிட்டார்கள். அன்று பூராவும் அந்தப் பெட்டியோடு வராந்தாவில் நடந்தேன். என் சம்சாரம் பாவாத்தா கூடவே நடந்தாள். "ஏனுங்க, உள்ளுக்குள்ள ஓடறது தெரியுதுங்களா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "சூடா இருக்குதுங்களா?" இல்லை என்றேன். "பேசுனாலும் ரெண்டு வார்த்தைதான், வயித்துக்குள்ள கேமரா இருந்தாலும் ரெண்டு வார்த்தைதான்" என்றாள். என்ன பேசுவது. மேலேயிருந்து குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. கீழேயிருந்து விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. ரத்தம் மட்டும் குறைந்துகொண்டே போகிறது, தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது, படியேறினால் இளைக்கிறது, யாருடைய ரத்தத்தையோ மூன்று பாட்டில் ஏற்றினார்கள். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை என்றால் நடுவில். நடுவில் குழாய் எட்டாது. அதற்குத்தான் கேமரா. அது போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பாவாத்தா போனில் எல்லோருக்கும் சொல்கிறாள், "ஒண்ணுமில்லீங்க, கேமரா மாட்டிக்கிச்சு" என்று, ஏதோ முள்வேலியில் சேலை மாட்டிக்கொண்ட மாதிரி. இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். சர்க்கரை இல்லீங்க, ப்ரஷர் இல்லீங்க, இந்த வயசு வரைக்கும் ஒரு மாத்திரை தின்னு பழக்கமில்லாத மனுசனுங்க. அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை. எனக்கும்தான். அட்மிஷனில் கேட்டார்கள், வார்டில் கேட்டார்கள், மயக்க மருந்து டாக்டர் கேட்டார், பத்ரி டாக்டரும் கேட்டார், எல்லோருக்கும் அதையே சொன்னேன். எந்த மாத்திரையும் சாப்பிடற வழக்கமில்லீங்க.

இப்போது குடல். எல்லோரையும் ஒன்றாகக் குறிக்கச் சொன்னார், இரைப்பை முடிந்து குடல் தொடங்குகிற முதல் படத்தை. பத்ரி டாக்டர் சொல்கிறார், "பூந்துவாலை மாதிரி தெரியணும். துவாலை தெரிஞ்சா சிறுகுடல்." தெரிகிறது. மஞ்சள் துவாலை. பித்தம் பட்டு ஈரமாக, மேலும் கீழும் அலைகிறது, திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. இவ்வளவு சுத்தமாக எனக்குள் ஒரு இடம் இருக்கும் என்று நினைக்கவில்லை. "கொசுக்கடி மாதிரி சின்னதாச் சிவப்பு தெரிஞ்சா நிறுத்துங்க. அதுதான் ரத்தம் கசியற இடம். கண்ணைச் சிமிட்டினா போயிடும்." திருச்சி கண்ணைச் சிமிட்டாமல் பார்க்கிறான், ஆனால் படத்தை அப்படி விரட்டுகிறான். துவாலை துவாலை துவாலை என்று ஓடுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. இறக்கத்தில் வண்டி விட்ட மாதிரி. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது மற்ற பஸ் டிரைவர்கள் எல்லாரும் கியரைப் பிடித்துக்கொண்டு பிரேக்கில் காலை வைத்து நசுங்கிக்கொண்டு வருவார்கள், நான் வளைவுக்கு முன்னாலேயே கணக்குப் போட்டு விட்டுவிடுவேன். பின்னால் ஒருத்தி வாந்தி எடுப்பாள். எடுக்கட்டும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சரி. அதில் போனதுதான் இந்த முட்டு. இடது முட்டு. கிளட்ச் மிதித்து மிதித்து. பழைய வண்டியில் கிளட்ச் மிதிப்பது என்றால் ஒரு மூட்டையைக் காலால் நகர்த்துகிற மாதிரி. ரிட்டையர் ஆகியும் அது ரிட்டையர் ஆகவில்லை. இந்த ஏசிக்கு இறுக்குகிறது. காலை மாற்றி வைத்தால் நாற்காலி கிறீச்சென்கிறது, தென்காசி திரும்பிப் பார்க்கிறாள், என் முகத்தை இல்லை, காலை. திரும்பிக்கொள்கிறாள். இந்தப் படத்தில் வண்டிதான் இருக்கிறது, டிரைவர் இல்லை. அதுவாகப் போகிறது. குடல் தள்ளினால் போகும், தள்ளாவிட்டால் நிற்கும். பின்பக்கமாகப் போகும், தலைகீழாகப் போகும், சுவரைப் பார்த்துக்கொண்டே போகும். அதற்கு அவசரம் தெரியாது. அவசரம் தெரியாத ஒன்றைப் பிடித்து விழுங்கியிருக்கிறேன்.

அண்ணனுக்கு இந்தக் கேமரா எல்லாம் இல்லை. அவனுக்கு வயிற்றில் கட்டி, நேராகக் கத்திதான். நாச்சிமுத்து என்று பேர், என்னைவிட ஆறு வயது மூப்பு, சரியான சோம்பேறி, கிணற்றில் குளிக்கப் போனால் உச்சி வெயிலுக்குத்தான் வீடு வருவான். அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நாலு மணி நேரம் ஆகும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாங்க என்றார்கள். நான் சாப்பிடப் போகவில்லை. ஒரு பீடி பற்ற வைத்து முடிக்கவில்லை, கதவு திறந்தது. முடிஞ்சுதுங்களா என்றேன். முடிஞ்சுது என்றார் அந்த டாக்டர். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் வாய் கசக்கிறது. சீக்கிரம் முடிந்துவிட்டது, அப்படியானால் ஒன்றுமில்லை, லேசான கேஸ். மதனியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், சீக்கிரமே முடிச்சுட்டாங்க, நல்ல கைராசி டாக்டர். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய ராத்திரி ஆயிற்று. திறந்து பார்த்துவிட்டு, எடுக்க முடியாது என்று மூடிவிட்டார்கள். திறந்து பார்த்துட்டு மூடிட்டாங்க. ஊரில் எல்லோருக்கும் அந்த வாக்கியம் தெரியும். கடைப் பலகையை எடுத்துப் பார்த்து, சரக்கில்லை என்று திரும்ப மாட்டி வைக்கிற மாதிரி. அதன் பிறகு அவன் ஐப்பசி வரைக்கும் இருந்தான். வயிற்றில் தையலைத் தடவிக்கொண்டே இருப்பான், உள்ளே எல்லாம் எடுத்தாச்சுல்ல தம்பி என்பான், எடுத்தாச்சு என்பேன். நாளை மறுநாள் பாவாத்தா வெளியே உட்கார்ந்திருப்பாள். மூன்று மணி நேரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் மூன்று மணி நேரமும் உட்கார வேண்டும். பாதியில் கதவு திறக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நான் சாவது பற்றி ஒன்றுமில்லை, எப்படியும் ஒரு நாள். கதவு சீக்கிரம் திறக்கக் கூடாது. இதை நினைக்கும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் சமாசாரம் மாதிரி ஓடுகிறது. துவாலை. துவாலை.

"நின்னுடுச்சு சார்" என்கிறான் திருச்சி. நின்றுவிட்டது. அதே இடம். திரையில் ஒரு வளையம், நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை, ஓட்டையின் உதடு சிவந்து புண்ணாக இருக்கிறது. கேமரா அதற்கு முன்னால் போய் நிற்கிறது. முட்டுகிறது. பின்வாங்குகிறது. மறுபடி முட்டுகிறது. ஓட்டை சின்னது, இது பெரியது. அவ்வளவுதான். மிச்சப் படம் பூராவும் இதேதான், பாட்டரி தீர்கிற வரைக்கும் என்கிறார் பத்ரி டாக்டர். மணிக்கணக்காக. நான் வராந்தாவில் பாவாத்தாவோடு நடந்துகொண்டிருந்த நேரம், கேண்டீனில் கஞ்சி குடித்த நேரம், இது இங்கே முட்டிக்கொண்டிருந்தது. முட்டுகிறது. பின்வாங்குகிறது. அப்பா, எத்தனை தடவை. எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது. தெரியுமில்லையா போகாது என்று, எதற்கு மறுபடி. கடைசியில் வெளிச்சம் மங்கி, கறுப்பு. "எல்லாரும் எழுதுங்க. என்ன இது?" திருச்சி எழுந்தே சொல்கிறான், "கட்டி சார். வழியை அடைச்சிருக்கு. ஸ்கேன்லயும் அந்த இடம் தடிச்சிருக்குன்னு போட்டிருக்கீங்க." சேலம் தலையாட்டுகிறாள். விழுப்புரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுகிறான். "நானும் அதைத்தான் நினைக்கிறேன்" என்கிறார் பத்ரி டாக்டர். "நாளை மறுநாள் சர்ஜரி. எடுத்ததும் உங்களுக்குக் காட்டறேன்." காட்டட்டும். அதற்கும் ஒரு நாற்காலி போட்டால் நானும் வந்து பார்ப்பேன். எல்லோரும் பையை எடுக்கிறார்கள். சாப்பாட்டு நேரம். எனக்கும் பசிக்கிறது, அதுவே ஆச்சரியம். அப்போது பார்த்தால் தென்காசி திரையில் இன்னும் துவாலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடவில்லை. ஊர்ந்துகொண்டிருக்கிறது.

"தென்காசி, உன் பஸ் இன்னும் மதுரையே தாண்டலையா?" என்கிறார் டாக்டர். "சாப்பாடு தீர்ந்துடும்." "நீங்க போங்க சார், பாத்துட்டு வாரேன்" என்கிறாள். திருச்சி, "அவங்க படம் பார்க்கலை சார், துவாலை காயப் போடறாங்க" என்கிறான். அவள் திரும்பவில்லை. பட்டனைத் தட்டுகிறாள், படம் நிற்கிறது, பின்னால் போகிறது, முன்னால் வருகிறது, மறுபடி பின்னால். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அந்தக் கையைத் தட்டிவிடலாம் போல இருக்கிறது. போனது போனதுதான், திருப்பித் திருப்பிப் பார்த்தால் மாறிவிடுமா. இந்த மாதிரி ஆள் கண்டக்டராக வந்தால் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட்டை எண்ணிக்கொண்டு நிற்பாள். "சார், இது ஒண்ணு இல்ல" என்கிறாள். "எது?" "வளையம். கடைசியில நின்ன இடம் மட்டும் இல்ல. இங்க ஒண்ணு இருக்கு. இதுக்கு முன்னால இன்னொண்ணு. இதைப் பிதுங்கிக்கிட்டு தாண்டியிருக்கு சார், பாருங்க, ஓரமா உரசிட்டுப் போவுது. நாலோ அஞ்சோ எண்ணிட்டேன்." டாக்டர் மணிக்கட்டைப் பார்க்கிறார், பிறகு அவள் திரையைப் பார்க்கிறார். குனிகிறார். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் குனிகிறார். "குடல் சுருங்கும்போது அப்படித்தான் தெரியும்" என்கிறான் திருச்சி. "சுருங்குனா விரியும்லா. இது விரியல. சுத்தியும் துவாலை நல்லா இருக்கு, நடுவுல காகிதம் மாதிரி மெல்லிசா ஒரு தட்டி, அதுல ஓட்டை. எல்லாம் ஒரே அச்சு. கட்டின்னா இப்படி அச்சு அச்சா வருமா சார்?" டாக்டர் அவள் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொள்கிறார். அவரே பின்னால் போகிறார். முன்னால் வருகிறார். எனக்குப் பசி போய்விட்டது. ஏதோ ஆகிறது. என்னவென்று தெரியவில்லை, ஆனால் கைகள் தொடையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

"இது வலி மாத்திரையில வர்ற வளையம்" என்கிறார் டாக்டர், அவளிடம் இல்லை, தனக்குள். "வருஷக்கணக்கா தின்னாத்தான் வரும்." பிறகு நிமிர்ந்து, "ஆனா அப்படி எதுவும் இல்லையே. நாலு பேர் கேட்டாச்சு. மாத்திரையே சாப்பிடற பழக்கமில்லைன்னு சொல்லியிருக்கார். அவரையே கேளு." என்னைக் கை காட்டுகிறார். எல்லோரும் திரும்புகிறார்கள். திருச்சியின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது, பல்லைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்திருக்கும். எழுந்தேன். முட்டு பிடித்துக்கொண்டது, மேசையைப் பிடித்துத்தான் நிமிர முடிந்தது. "தாத்தா, முட்டு வலியா?" என்கிறாள் தென்காசி. "ஆமாங்க அம்மிணி. கிளட்ச் மிதிச்சது." "அதுக்கு என்ன மாத்திரை சாப்பிடுதீங்க?" "மாத்திரை எல்லாம் சாப்பிடறதில்லீங்க." டாக்டர் அவளைப் பார்க்கிறார், பாத்தியா என்கிற மாதிரி. அவள் அவரைப் பார்க்கவில்லை. என் முட்டைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஏதோ சாமான் விலை கேட்கிற குரலில் கேட்டாள். "மெடிக்கல்ல செட்டு வாங்கிப் போடுவீங்களா?" "அது போடுவனுங்க" என்றேன். சொன்ன பிறகும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. செட்டு எப்படி மாத்திரை ஆகும். மாத்திரை என்றால் டாக்டர் எழுதுவது, அட்டையில் பேர் போட்டிருப்பது, சாப்பிடுவதற்கு முன், பின் என்று இருப்பது, நோயாளி தின்பது. செட்டு மெடிக்கலில் போய் நின்று ஒரு செட்டு என்றால் தருவது. பழுப்புக் கவரில் வெள்ளையாக ஒன்று, மஞ்சளாக ஒன்று, ரோஸில் சின்னதாக ஒன்று. பேர் கிடையாது. கடைக்காரனும் கேட்க மாட்டான், நானும் கேட்க மாட்டேன். கையில் கொட்டி வாயில் போட்டு ஒரு டீ குடித்தால் ஊட்டி வரைக்கும் கால் இருப்பதே தெரியாது. சாப்பிடுவது இல்லை அது, போடுவது. வெற்றிலை போடுகிற மாதிரி. "எத்தனை வருஷமா?" "வண்டி எடுத்த நாளா. ரிட்டையர் ஆனதுக்கப்புறம் தினமும் ரெண்டு வேளை." "கடைசியா எப்ப போட்டீங்க?" "காலையில." டாக்டர் உட்கார்ந்துவிட்டார். "இங்கேயா? ஆஸ்பத்திரிக்குள்ளயா?" "வெளியில மெடிக்கல் இருக்குதுங்களே, சம்சாரம் வாங்கியாந்தா. வலிக்குதுன்னா ராத்திரி தூங்க விடாதுங்க." சேலம் நர்சு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா இல்லையா தெரியவில்லை. "நாலு பேர் கேட்டோமே ஐயா" என்றார் டாக்டர். "மாத்திரையைத்தானுங்க கேட்டீங்க." தென்காசி சொன்னாள், கோபமும் இல்லை பெருமையும் இல்லை அவள் குரலில், "எங்கம்மா பீடி சுத்துதவ சார். இடுப்பு வலிக்கு செட்டு போடாம பீடித் தட்டுல கை வைக்க மாட்டா. மாத்திரை தின்னியான்னு கேட்டா அவளும் இல்லம்பா."

அதன் பிறகு வேகமாகத்தான் நடந்தது, ஆனால் எனக்கு அது ஒவ்வொன்றும் தனித்தனியாக, நிறுத்தி நிறுத்தி, அவள் பட்டனைத் தட்டுகிற மாதிரி வருகிறது. டாக்டர் போனை எடுக்கிறார். நாளை மறுநாள் கேஸ் வேண்டாம், நிறுத்தி வைங்க என்கிறார். அந்தப் பக்கம் ஏதோ சத்தம். இல்லை, அறுக்க வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன், நடுக்குடல் வரைக்கும் எட்டற பலூன் வச்ச குழாய் விட்டு உள்ளே போய் வளையத்தை விரிச்சுப் பார்ப்போம், கேமராவையும் அதுலயே பிடிச்சு எடுத்துடலாம், துணுக்கு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவோம், கட்டியா இருக்க வாய்ப்புக் குறைவு. குறைவு என்கிறார். இல்லை என்று சொல்லவில்லை, குறைவு. எனக்கு அது போதும். என் பக்கம் திரும்பி, "அந்தச் செட்டை இன்னியோட நிறுத்தணும். ஒண்ணு கூடக் கூடாது. அதுதான் உங்க குடலைத் தின்னுருக்கு" என்கிறார். சரிங்க என்றேன். சட்டைப் பையில் ராத்திரிக்கான கவர் இருந்தது, எடுத்து மேசைமேல் வைத்தேன். திருச்சி அதைப் பிரித்துப் பார்த்தான், மூன்றையும் கையில் உருட்டினான், இது எது, இது எது என்று அவனுக்கே தெரியவில்லை. "ஐயா, பல்லு விஷயம்..." என்று ஆரம்பித்தான். "விளக்கறதுதான் தம்பி. வெத்தலைக் கறை" என்றேன். சிரித்தார்கள், இந்தத் தடவை மெதுவாக. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். தேடினேன். மரத்த கன்னத்தை நாக்கால் உள்ளேயிருந்து நெருடுகிற மாதிரி. எங்கேயோ ஓரத்தில் சுருக்கென்று ஒன்று, அவ்வளவுதான், மறுபடி மரமரப்பு. வெளியே போய் பாவாத்தாவிடம் சொல்ல வேண்டும், அந்த ஆபரேஷன் கதவே இனி இல்லை என்று எப்படிச் சொல்வது. கட்டி இல்லையாம் என்றால், நான் அப்பவே சொன்னேனுங்க என்பாள், செட்டு என்றால் அழுவாள், வாங்கிக்கொண்டு வந்தது அவள். அதை மெதுவாகச் சொல்ல வேண்டும். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது. அந்தப் பெண் இன்னும் எழவில்லை. படத்தை நிறுத்தாமல் மிச்சத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள், கேமரா முட்டுகிற அந்த நெடிய, ஒன்றுமில்லாத பகுதியை, ஒரு படம் விடாமல். பக்கத்தில் போய் நின்றேன். "சாப்பிடப் போகலையா அம்மிணி?" "இருக்கட்டும் தாத்தா. முழுசாப் பாக்கணும்லா." ஊர்ப் பேரை வைத்துக்கொண்டு ஒருத்தியை எப்படி நினைத்துக்கொள்வது. தென்காசிக்கு நான் வண்டி ஓட்டினதில்லை. "உம் பேரென்ன?" என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள், இந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளானவள் போல, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எங்கள் பக்கத்தில் கேட்டறியாத பேர், காதில் சரியாக விழவில்லை. மறுபடி கேட்டேன். திரும்பி, என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். முப்பிடாதி.